கிளப் கேப்டன் கிராஸ் கன்ட்ரிக்குக் கூப்பிடுகிறார், போகலாமா?

இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து மூன்று வருடம், வயது 41, தார்ச்சாலையில் 10 கிலோமீட்டரை 54 நிமிடத்தில் ஓடுகிறீர்கள், போன வசந்தத்தில் பக்கத்திலுள்ள ஓட்டக் கிளப்பில் சேர்ந்தீர்கள். இப்போது கேப்டன் அக்டோபரில் தொடங்கும், நான்கு பந்தயங்கள் கொண்ட கிராஸ் கன்ட்ரி (புல்லிலும் சேற்றிலும் ஓடும்) லீக்குக்கும் நவம்பரில் ஒரு மலையோட்டத்துக்கும் உங்கள் பெயரைக் கேட்கிறார். எந்த ஷூ வாங்குவது, முழங்கால் தாங்குமா, அடுத்த வசந்தத்தில் ஓட நினைத்திருக்கும் அரை மாரத்தானுக்கு வேகம் கெட்டுவிடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எல்லோரும் என்னைவிட வேகம், நான் போய் அணிக்கு என்ன ஆகப்போகிறது?" நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் தொழிலால் பிசியோதெரபிஸ்ட். யார்க்‌ஷயரில் ஒரு சிறிய கிளப்பில் பல வருடங்களாக ஓடுகிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக வருகிறவர்களைச் சரிவுக்குக் கூட்டிப்போய் மலை இறங்கப் பழக்குகிறேன்.

கிராஸ் கன்ட்ரியில் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, எத்தனையாவதாக வந்தோம் என்பதுதான் கணக்கு. முதலில் வருபவருக்கு 1 புள்ளி, நூறாவதாக வருபவருக்கு 100. ஒரு கிளப்பில் முன்னால் வந்த சில பேருடைய புள்ளிகளைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவான அணி ஜெயிக்கும். இங்கிலாந்தின் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆண்களில் ஆறு பேரையும் பெண்களில் நான்கு பேரையும் கூட்டுவார்கள். உள்ளூர் லீக்குகளில் இந்த எண்ணிக்கை மாறும், உங்கள் கேப்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேர் தேவைப்படும் இடத்தில் ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், அந்த ஐவரும் எவ்வளவு பிரமாதமாக ஓடினாலும் அணி கணக்கிலேயே வராது, அல்லது லீக்கின் விதிப்படி பெரிய தண்டப்புள்ளி விழும். நவம்பர் மாதத்து மழைச் சனிக்கிழமையில் ஒருவருக்குச் சளி, ஒருவர் வீட்டில் பிறந்தநாள், ஒருவருக்கு வேலை என்று ஆள் குறைந்துகொண்டே வரும். கேப்டன் உங்களிடம் கேட்பது மரியாதைக்காக அல்ல, தேவைக்காக.

அதோடு முடியவில்லை. அணியின் முதல் ஆறு பேரில் நீங்கள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் 212-ஆவதாக வருகிறீர்கள். உங்களுக்கு இரண்டடி பின்னால் வேறொரு கிளப்பின் ஆறாவது ஆள் வருகிறார். நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் அவருக்கு 212 புள்ளி, நீங்கள் முந்தியதால் 213. பெரும்பாலான லீக்குகளில் கணக்கு இப்படித்தான் போகிறது. ஒன்றிரண்டு புள்ளியில் அணிகள் இடம் மாறுவதைப் பல சீசன்களில் பார்த்திருக்கிறேன். கடைசிப் புல்வெளியில் முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிப்பதற்கு நடுக்கூட்டத்திலும் பின்கூட்டத்திலும்கூட அர்த்தம் இருக்கிறது என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். ரோட்டில் நீங்கள் உங்கள் கடிகாரத்தோடு தனியாக ஓடுகிறீர்கள். இங்கே 212-ஆவது இடத்துக்கும் ஒரு சண்டை நடக்கும்.

உங்கள் வயதும் கைகொடுக்கும். பல லீக்குகளில் 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்குத் தனி அணிப் பட்டியல் உண்டு. பெண்களுக்கு அது பெரும்பாலும் 35-இலேயே தொடங்கிவிடும். பொதுப் பட்டியலில் கணக்கில் வராதவர் அந்தப் பட்டியலில் வரலாம். வடகிழக்கு இங்கிலாந்தின் ஹேரியர் லீக்கில் இன்னும் அழகான ஏற்பாடு இருக்கிறது: மெதுவாக ஓடுகிறவர்களை முதலில் கிளப்பிவிட்டு, வேகமானவர்களைச் சில நிமிடம் தாமதமாக விடுவார்கள். நன்றாக ஓடி முன்னால் வந்துவிட்டால் அடுத்த முறை வேகமான கூட்டத்துக்கு ஏற்றிவிடுவார்கள்.

கடைசியாக வந்துவிடுவேனோ என்ற பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பார்க்ரன்னில் (சனிக்கிழமை காலை பூங்காக்களில் யாரும் வந்து ஓடும் 5 கிலோமீட்டர் ஓட்டம்) உங்கள் வேகத்துக்கு நடுவில் வருவீர்கள் என்றால், லீக்கில் அதைவிடப் பின்னால்தான் வருவீர்கள். கிளப்பில் பதிவு செய்து, வாரம் நான்கைந்து நாள் பயிற்சி செய்கிறவர்கள்தான் அங்கே வருகிறார்கள்; நடந்து முடிக்கிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை. 54 நிமிடக்காரர் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருப்பார் என்று எதிர்பார்த்துப் போங்கள். அந்தக் கடைசிப் பங்கில் ஆட்கள் நிறைய இருப்பார்கள், தனியாக விடப்பட மாட்டீர்கள்.

இப்போது சேறு. களம் பெரும்பாலும் ஒரு பூங்கா, பள்ளி மைதானம் அல்லது பண்ணை வயல்; அதில் இரண்டு மூன்று சுற்று. நூற்றுக்கணக்கானோர் அகலமான புல்வெளியில் ஒன்றாக நின்று, துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்து, முந்நூறு நானூறு மீட்டரில் ஒரு குறுகிய வாயிலுக்குள் நெருங்குவார்கள். முதல்முறை போகும்போது ஓரமாக, கூட்டத்தின் பாதிக்குப் பின்னால் நில்லுங்கள். நடுவில் நின்றால் முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் என்ற ஆணி ஷூ கணுக்காலைக் கீறும். அந்த வாயில்தான் பெரும்பாலும் களத்தின் மிக மோசமான இடம். மாடுகள் மிதித்துக் குழப்பிய மண்ணை, உங்களுக்கு முன் ஓடிய சிறுவர்களும் பெண்களும் இன்னும் குழப்பியிருப்பார்கள். புதியவர்கள் எல்லோரும் குட்டையைத் தவிர்த்து ஓரத்துச் சரிவில் கால் வைத்து வழுக்குவார்கள். நீர் தேங்கிய இடத்துக்கு நடுவே நேராகப் போங்கள். தண்ணீருக்கு அடியில் பெரும்பாலும் தரை கெட்டியாக இருக்கும், பளபளவென்று சமமாகத் தெரிகிற கறுப்புச் சேறுதான் முழங்கால்வரை இழுக்கும். காலடியைச் சின்னதாக்கி, வேகமாக மாற்றி வைத்து, குதிகாலை ஊன்றாமல் பாதத்தின் நடுவால் மிதித்துக் கடந்துவிடுங்கள். ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, அதன்மேல் மின்சார டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது இங்கே பழக்கம். சேற்றில் ஷூவைப் பறிகொடுத்து ஒற்றைக்காலில் தேடுகிறவர்களை ஒவ்வொரு பந்தயத்திலும் பார்க்கலாம்.

ஷூ விஷயத்தில் என் கருத்து கிளப்பில் பலரோடு ஒத்துப்போகாது. அவர்கள் உங்களை உடனே ஸ்பைக்ஸ் வாங்கச் சொல்வார்கள். ஸ்பைக்ஸில் திருகிப் பொருத்தும் ஆணிகள் 9, 12, 15 மில்லிமீட்டர் நீளங்களில் கிடைக்கும். காய்ந்த தரைக்குக் குட்டை, நல்ல சேற்றுக்கு 15. சேற்றில் அதற்கு நிகர் எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதன் குதிகால் மிகத் தாழ்வு, அடிப்பாகம் மெல்லியது. ரோட்டு ஷூவில் பழகிய 41 வயதுக் கெண்டைக்காலையும் அதற்குக் கீழே உள்ள அக்கிலிஸ் தசைநாரையும் அது இழுத்துவிடும். களத்தில் கல்பாதையோ தாரோ குறுக்கிட்டால் ஸ்பைக்ஸில் ஓடவும் முடியாது. முதல் சீசனுக்கு மலையோட்ட ஷூ ஒன்று வாங்குங்கள்: அடியில் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் ரப்பர்ப் பற்கள் உள்ளது, பாதத்தை இறுக்கமாகப் பிடிப்பது. போல்டனில் பிறந்த வால்ஷ், இனோவ்-8 போன்றவை இதற்கென்றே செய்யப்படுகின்றன. கிராஸ் கன்ட்ரிக்கும் மலைக்கும் ஒரே ஜோடி போதும். சேற்றில் சில இடம் பின்தங்குவீர்கள், பரவாயில்லை. அடுத்த வருடமும் ஓட ஆசை இருந்தால் ஸ்பைக்ஸ் வாங்கி, முதலில் புல்லில் நூறு மீட்டர் ஓட்டங்களாகச் சில வாரம் காலைப் பழக்குங்கள்.

முழங்கால் பற்றிக் கேட்டீர்கள். இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் வருவதில்லை என்பது இன்று நன்றாக நிலைபெற்ற முடிவு. ஊரிலிருந்து அம்மா போனில் சொல்லும் "ஓடி ஓடி மூட்டு தேஞ்சுடும்" என்ற பயத்தை விட்டுவிடலாம். "மண் மெத்தென்று இருக்கிறது, அதனால் மூட்டுக்கு நல்லது" என்று கிளப்பில் சொல்வது அந்த அளவுக்கு உறுதியானதல்ல. தரை மெத்தென்று இருந்தால் நம் உடல் காலை இன்னும் விறைப்பாக்கிக்கொள்கிறது. அதனால் உடலுக்குள் போகும் தாக்கம் நாம் நினைக்கும் அளவுக்குக் குறைவதில்லை. கரடுமுரடான தரையில் ஒவ்வொரு அடியும் வேறு கோணத்தில் விழுவதால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவது குறையும் என்று நான் நினைக்கிறேன். இது என் அனுபவக் கருத்து, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முழங்காலை நான் பார்க்கவில்லை. இப்போதே படி இறங்கும்போது வலி, வீக்கம், அல்லது மூட்டு திடீரென்று மாட்டிக்கொள்வது ஏதாவது இருந்தால், இந்தப் பதிலை விட்டுவிட்டு நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

கிராஸ் கன்ட்ரியிலும் மலையிலும் நான் அதிகம் பார்க்கும் காயம் முழங்கால் அல்ல, கணுக்கால் சுளுக்கு. முன்பு சுளுக்கிய கால் திரும்பவும் சுளுக்கும்; சமநிலைப் பயிற்சி அந்த வாய்ப்பைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், இரண்டு நிமிடத்தில் கால் மாற்றுங்கள். எளிதாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள், வாஷ்பேசினைப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு.

அடுத்தது இறக்கம். இந்த முழுப் பதிலிலும் நீங்கள் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். உங்களுக்கு மூச்சு இருக்கிறது, இதயம் இருக்கிறது. ரோட்டு ஓட்டம் அவற்றைத் தந்துவிட்டது. அது தராதது இறங்கும் தொடை. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அப்படி நீளும்போது வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வைக்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு தடவை மிதமாக இறங்கிப் பழகினாலே அடுத்த பல வாரங்களுக்குத் தசை தன்னைக் காத்துக்கொள்ளும். இது உடலியலில் மிக உறுதியாக நிறுவப்பட்ட விஷயங்களில் ஒன்று. ஆகவே நவம்பர்ப் பந்தயத்தில் முதல்முறையாக மலை இறங்கக்கூடாது. செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

லீட்ஸில் இருப்பதால் இடம் தேட வேண்டாம். ரவுண்ட்ஹே பூங்காவில் ஹில் 60 என்ற புல்சரிவு இருக்கிறது. முதல் வாரம் அங்கே வெறுமனே நாலைந்து முறை ஏறி, பாதி வேகத்தில் இறங்குங்கள். அடுத்த வாரம் ஒன்றிரண்டு முறை கூட்டுங்கள். மூன்றாவது வாரம் ஒட்லி செவின் குன்றுக்குப் போங்கள், பிறகு இல்க்லி மூர் என்ற மேட்டுப் புதர்வெளிக்கு. இறங்கும்போது எல்லோரும் செய்வது உடலைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றுவது. பயம் அப்படித்தான் செய்யச் சொல்லும், ஈரப்புல்லில் அதுதான் வழுக்கிவிடும். சரிவுக்கு ஏற்றபடி உடம்பைச் சற்று முன்னால் கொண்டுவந்து, முழங்காலை மடித்தபடி வைத்து, குட்டைக் குட்டை அடியாக வேகமாக வையுங்கள். கண் காலடியில் இருக்கக்கூடாது. மூன்று நான்கு மீட்டர் முன்னால், அடுத்து எங்கே மிதிக்கப்போகிறோமோ அங்கே இருக்க வேண்டும். கைகளை உடலோடு ஒட்டி ஆட்ட வேண்டாம், சைக்கிள் பழகும் குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து அலையட்டும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் விழாமல் இறங்குகிற எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். சரிவு அதிகமானால் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து வாருங்கள். வாரம் ஒரு நாளுக்கு மேல் இறக்கப் பயிற்சி வேண்டாம்.

ஏற்றத்தில் நடப்பது தோல்வி என்று நினைக்காதீர்கள். ஓரளவுக்கு மேல் சரிவு கூடிவிட்டால் ஒரே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்குத்தான் குறைந்த சக்தி செலவாகிறது, இது அளந்து பார்த்த உண்மை. மலையோட்டத்தில் முன்னணியில் வருகிறவர்களும் செங்குத்தான இடங்களில் குனிந்து, உள்ளங்கையைத் தொடைமேல் வைத்து அழுத்தி நடப்பார்கள். இந்த நாட்டு மலையோட்டத்தின் தலைமகன் ஜாஸ் நெய்லர், லேக் டிஸ்ட்ரிக்ட்டின் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த விவசாயி, இளமையிலேயே முழங்காலிலும் முதுகிலும் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். 1975-இல் 24 மணி நேரத்தில் 72 சிகரங்களைத் தொட்டு வந்தார், 2024-இல் தன் 88-ஆவது வயதில் காலமானார். அவரைப் போன்றவர்கள் அபூர்வம். அவரைக் காட்டி உங்கள் முழங்காலுக்கு உத்தரவாதம் தரவில்லை. ஆனால் எழுபதைத் தாண்டியும் வேலியேறிக் குதித்து ஓடுகிறவர்கள் இங்கே ஒவ்வொரு கிளப்பிலும் இருப்பதற்கு அந்த மரபு ஒரு காரணம்.

நவம்பர் மலையோட்டத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, அதுதான் எனக்கு முக்கியமான தகவல். இங்கிலாந்தில் இந்தப் பந்தயங்களை ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் என்ற மலையோட்டச் சங்கம் வகைப்படுத்துகிறது. ஏ வகை என்றால் கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம், பி என்றால் 25, சி என்றால் 20. இரண்டாவது எழுத்து தூரம்: 10 கிலோமீட்டருக்குக் குறைவானால் எஸ், 10 முதல் 20 வரை எம், 20-க்கு மேல் எல். ஆறு கிலோமீட்டரில் 200 மீட்டர் ஏற்றம் என்றால் அது பி எஸ், உங்களுக்குப் பொருத்தமானது. நவம்பரில் லங்காஷயரில் டூர் ஆஃப் பெண்டில் என்று ஒன்று நடக்கும்: சுமார் 27 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம், ஏ எல். கேப்டன் சொன்னது அது என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள், இந்த வருடம் அதற்கு நேரம் வரவில்லை. அக்டோபரில் ஜோடி ஜோடியாக ஓடும் மலைத் தொடரோட்டங்களும் உண்டு. பேட்டர்டேலில் நடக்கும் ஹாட்ஜ்சன் பிரதர்ஸ் ரிலேயில் ஒரு கிளப்புக்கு எட்டுப் பேர், நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். தெரிந்த ஒருவரோடு மலையில் ஓடிக் கற்க அதைவிட நல்ல வழி கிடையாது. அடுத்த வருடத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

உபகரணப் பட்டியலைப் பார்த்து இவ்வளவு எதற்கு என்று தோன்றும்: தைத்த இடங்களிலும் நீர் புகாத, தலைமூடியுள்ள மழைச்சட்டை, மழைக் காற்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குக் கொஞ்சம் தின்பண்டம். குறும்பந்தயங்களில் வானிலை நன்றாக இருந்தால் சிலவற்றைத் தளர்த்துவார்கள். தளர்த்தினாலும் எடுத்துப்போங்கள். மலையில் 150 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறையும். அதைவிட முக்கியம், உச்சியில் காற்று. ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சூட்டை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், நனைந்த பனியனோடும் தாங்கும். கணுக்கால் சுளுக்கி நின்றுவிட்டால் அந்த உற்பத்தி சட்டென்று நின்றுபோகும், சில நிமிடங்களில் நடுக்கம் ஆரம்பிக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அதன் கெட்ட குணம், அது வந்தவருக்கே தெரியாது: விரல் ஜிப்பைப் பிடிக்காது, பேச்சு குழறும், எதிலும் அக்கறை இருக்காது. யார்க்‌ஷயரிலேயே, 1978-இல் த்ரீ பீக்ஸ் பந்தயத்தில் ஓர் ஓட்டக்காரர் குளிரில் உடல்வெப்பம் குறைந்து இறந்தார். இப்போதுள்ள கட்டாயப் பட்டியல்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. வழியில் யாராவது உளறுவதையோ தடுமாறுவதையோ பார்த்தால் உங்கள் பந்தயம் அங்கேயே முடிந்தது. அவரோடு நில்லுங்கள், விசில் ஊதுங்கள், அடுத்து வருகிறவரை அதிகாரியிடம் அனுப்புங்கள்.

இன்னொரு விதி. பாதியில் விலகினால், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், முடிவிடத்தில் போய் உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாமல் போனால் நீங்கள் மலையில் தொலைந்ததாகவே கணக்கு. உங்களைத் தேடி மலை மீட்புக் குழுவினர் இருட்டில் ஏறுவார்கள். அவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கிளப்புகளில் எந்தத் தவற்றையும் மன்னிப்பார்கள், இதை மன்னிப்பது கஷ்டம்.

வரைபடம் பையில் இருந்தால் போதாது, பார்க்கத் தெரிய வேண்டும். பல குறும்பந்தயங்களில் கொடி நட்டிருப்பார்கள், எல்லாவற்றிலும் அல்ல. மேகம் இறங்கிவிட்டால் கொடியும் தெரியாது. 1:25,000 அளவுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு வெயில் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்க்லி மூரில் நடந்து, இப்போது எங்கே நிற்கிறோம் என்று விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். அதுவே முதல் பாடம். முன்னால் போகிறவரைப் பின்பற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் முதல் தேசிய கிராஸ் கன்ட்ரிப் போட்டி 1876-இல் எப்பிங் காட்டில் நடந்தது. ஓடிய 32 பேரும் வழிதவறிப் போய்விட, பந்தயத்தையே செல்லாது என்று அறிவித்தார்கள்.

வேகம் கெட்டுவிடுமா என்பதற்கு வருகிறேன். கெடாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். வாரம் ஒரு முறை நாற்பது ஐம்பது நிமிடம் மூச்சிரைக்க ஓடினால் இதயமும் நுரையீரலும் அந்த உழைப்பைத்தான் பார்க்கும், தரையை அல்ல. உங்கள் கடிகாரம் மட்டும் பயமுறுத்தும்: ரோட்டில் கிலோமீட்டருக்கு 5:24 ஓடுகிறவர் சேற்றில் ஆறரை நிமிடம் எடுப்பது சாதாரணம். கிராஸ் கன்ட்ரி ஓடினால் ரோட்டு வேகம் கூடும் என்று கிளப்பில் சத்தியம் செய்வார்கள். அதற்கு ஆதாரமாகக் கென்யாவின் பால் டெர்காட்டைக் காட்டுவார்கள்: 1995 முதல் 1999 வரை ஐந்து முறை தொடர்ந்து உலக கிராஸ் கன்ட்ரி பட்டம், பிறகு 2003-இல் பெர்லினில் 2:04:55 ஓடி மாரத்தான் உலக சாதனை. கிராஸ் கன்ட்ரியிலும் மாரத்தானிலும் ஜெயித்த எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலெயையும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் எந்தத் தரையில் ஓடினாலும் ஜெயித்திருக்கக்கூடியவர்கள். சேறுதான் அவர்களை உருவாக்கியது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. என்னிடம் பழகுகிறவர்களில் பலர் குளிர்காலம் முழுக்கக் களத்தில் இருந்துவிட்டு ஏப்ரலில் நன்றாக ஓடுவதைப் பார்க்கிறேன். குளிரில் வீட்டுக்குள் முடங்காமல் தொடர்ந்து ஓடியதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அதனால் வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பந்தயம் உள்ள வாரத்தில் வேகப் பயிற்சியை விட்டுவிடுங்கள், பந்தயமே அந்த வேலையைச் செய்துவிடும்; இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள்தான் டிசம்பரில் என் மேசைக்கு வருகிறார்கள். பந்தயம் இல்லாத வாரத்தில் ரோட்டில் ஒரு வேகப் பயிற்சி, சரிவில் ஒரு நாள், மெதுவான நீண்ட ஓட்டம் ஒன்று, இன்னொரு மெதுவான குறும் ஓட்டம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிடுவார்கள். அதன்பிறகு வேலை முடிந்து வந்தால் இருட்டுதான். சரிவுப் பயிற்சியைச் சனி ஞாயிறு பகலுக்கு மாற்றிவிடுங்கள், வாரநாளில் தெருவிளக்கு உள்ள சாலையேற்றம் போதும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். இந்த நாட்டில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெயிலில் நின்றாலும் உடம்பில் வைட்டமின் டி போதுமான அளவு உருவாகாது. எல்லோருமே அந்த மாதங்களில் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்படி தேசிய சுகாதார சேவை சொல்கிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களை வருடம் முழுக்கவே எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது. எலும்புக்கு அது தேவை, ஓடுகிறவருக்கு இன்னும் தேவை. நீங்கள் சைவம் என்றால், காரணமில்லாமல் களைப்பு நீடித்தால் இரும்புச்சத்தும் பி12-உம் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் குளிர்காற்று மூச்சைப் பிடிக்கும், இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருங்கள். மூரில் புதரும் பெரணியும் உள்ள பாதையில் ஓடிவிட்டு வந்தால் குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், தொடையிடுக்கு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகப் பரவும் சிவப்பு வந்தால் லைம் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பருத்திப் பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. உள்ளே மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளிச் சட்டை, மேலே கிளப் சட்டை; கிளப் சட்டை இல்லாமல் லீக்கில் ஓட விடமாட்டார்கள். காரில் ஒரு முழு மாற்று உடை, உள்ளாடை உட்பட, ஒரு பழைய துண்டு, சேற்று ஷூவுக்கு ஒரு குப்பைப்பை. முடித்ததும் பேசிக்கொண்டு நிற்காமல் முதலில் ஈரத்தை மாற்றுங்கள், பிறகு போய்ப் பேசுங்கள். கிளப் கூடாரத்தில் யாராவது கேக் கொண்டுவந்திருப்பார்கள். நான் ஃபிளாஸ்கில் மிளகு ரசம் எடுத்துப்போவேன். கையுறையோடு கப்பைப் பிடித்துக் குடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரர்களும் ஒரு வாய் கேட்பார்கள்.

கேப்டனிடம் இந்த வாரமே இப்படிச் சொல்லுங்கள்: கிராஸ் கன்ட்ரி நான்குக்கும் வருகிறேன், மலையோட்டத்துக்குத் தூரமும் ஏற்றமும் வகையும் சொன்னால் முடிவு சொல்கிறேன். லீக்கில் ஓட இங்கிலாந்து அத்லெட்டிக்ஸ் என்ற தடகள அமைப்பில் பதிவு தேவைப்படலாம், பெயர் கொடுக்கவும் கடைசித் தேதி இருக்கும்; உங்கள் கிளப் செயலாளரிடம் இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலையோட்டத்தின் பெயர் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள், வழி எனக்குத் தெரிந்ததாக இருந்தால் எங்கே நடக்கலாம், எங்கே இறக்கம் மோசம் என்று சொல்கிறேன்.